டெல்டா நெல்லும் பூஞ்சை நஞ்சும்

இந்தியாவில் நெல்லின் குலைநோய் முதன்முதலாகப் பதிவானது தஞ்சை டெல்டாவில்தான், 1913இல். ஆறு ஆண்டு கழித்து, 1919இல், அதே டெல்டாவில் அது பெரும் சேதம் விளைவித்தது. சென்னை மாகாண அரசின் பூஞ்சையியல் நிபுணராக இருந்த டபிள்யூ. மெக்ரே இதை ஆராய்ந்து எழுதினார். 1922இல் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. கொரங்குச் சம்பா எனப்படும் ஆடுதுறை 10 குலைநோய்க்குச் சீக்கிரம் விழும். ஆனைக்கொம்பனிலிருந்து தேர்ந்தெடுத்த கோ 4 தாங்கி நிற்கும். இரண்டையும் இணைத்துக் கோ 25 ரகத்தை உருவாக்கினார்கள். நோய் எப்படிக் கொல்கிறது என்று தெரிவதற்கு முன்பே நோய் தாங்கும் பயிர் கிடைத்துவிட்டது. டெல்டாவுக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை.

எப்படிக் கொல்கிறது என்ற கேள்வி மட்டும் நின்றுவிட்டது. மார்கழிப் பனியில் தாளடி வயலுக்குள் இறங்கிப் பார்த்தால் அந்தக் கேள்வி யாருக்கும் எழும். கதிருக்குக் கீழே, கழுத்துக் கணுவில், விரல் நகத்தின் அகலத்துக்கு ஒரு கருப்புப் பட்டை. அதற்கு மேலே கதிர் முழுவதும் வெளுத்துச் சாவியாகி நிற்கும். கீழே இலையும் தண்டும் பச்சை மாறாமல் இருக்கும். அவ்வளவு சின்னப் புண் ஒரு முழுக் கதிரைக் கொன்றுவிடுகிறது என்றால், பூஞ்சை திசுவைத் தின்பதோடு நிற்கவில்லை, ஏதோ விஷத்தையும் கக்குகிறது என்று சந்தேகம் வருவது இயல்பு.

1954இல் ஜப்பானின் தமாரி, காஜி என்ற இரு வேதியியலாளர்கள் குலைநோய்ப் பூஞ்சை வளர்ந்த ஊடகத்திலிருந்து இரண்டு நச்சுகளைப் பிரித்தெடுத்தார்கள். ஒன்று பிக்கோலினிக் அமிலம், மற்றொன்று பைரிகுலாரின். பிக்கோலினிக் அமிலம் செடியின் செல்லுக்குத் தேவையான இரும்பையும் தாமிரத்தையும் பிடித்து முடக்கிவிடும். பைரிகுலாரின் இன்னும் விசித்திரமானது: அதைச் சுரக்கும் பூஞ்சையின் வித்துகளையே அது கொல்லும். தன் விஷத்தில் தானே சாகாமலிருக்க, அதைக் கட்டிப்போடும் ஒரு புரதத்தையும் பூஞ்சை கூடவே தயாரித்துக்கொள்கிறது.

அந்தக் காலத்தில் இந்தத் துறையில் சென்னையின் பெயர் உலகெங்கும் அடிபட்டது. எம்.ஓ.பி. அய்யங்காருக்குப் பின் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தை நடத்திய டி.எஸ். சதாசிவன், பூஞ்சை நச்சுகளையே தம் மாணவர் பட்டாளத்தின் ஆய்வுப்பொருளாக்கினார். அங்கே முக்கியமாக எடுத்துக்கொண்டது பருத்தி வாடல் நோயை. நஞ்சோ ஃபுசாரிக் அமிலம்; நெல்லில் நாற்றை அசாதாரணமாக உயரவைக்கும் பக்கானே நோயின் பூஞ்சையிலிருந்து 1934இல் ஜப்பானில் யபுதா குழுவினர் பிரித்தெடுத்தது. வேதி அமைப்பில் அது பிக்கோலினிக் அமிலத்தின் நேரடி உறவு. சோதனைக் குடுவையில் ஒரு பூஞ்சை விஷம் தயாரிப்பதாலேயே செடிக்குள்ளும் அதே விஷத்தால்தான் நோய் வருகிறது என்று சொல்லிவிட முடியாது. நோயுற்ற செடியிலிருந்தே அதை எடுத்துக்காட்ட வேண்டும், நல்ல செடியில் அது இருக்கக்கூடாது, தூய நிலையில் செலுத்தினால் அதே அறிகுறி வரவேண்டும். இந்த அளவுகோலை 1953இல் அமெரிக்காவில் டைமண்டும் வாகனரும் வகுத்தார்கள். வாடிய பருத்திச் செடிக்குள்ளிருந்தே ஃபுசாரிக் அமிலத்தைக் கண்டதைச் சென்னைக் குழு 1955இல் நேச்சர் இதழில் எழுதியது.

குலைநோயைப் பொறுத்தவரை சென்னை ஆய்வகம் கொடுத்த பெரிய பதில் நஞ்சைப் பற்றியதல்ல, இரவைப் பற்றியது. இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கும்போது நெற்செடியின் உள்வேதியியல் மாறி, நைட்ரஜன் கரையும் வடிவில் இலையில் தேங்குகிறது. பூஞ்சைக்கு அது விருந்து. மணிலா அருகிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1963இல் நடந்த குலைநோய்க் கருத்தரங்கில் சதாசிவனும் சகாக்களும் இதை விரித்தார்கள். குறுவையில் தலைகாட்டாத நோய் தாளடியில் ஏன் வந்து உட்காருகிறது, பனிக்காலத்தில் யூரியாவை அள்ளிப் போட்டவர் வயலில் ஏன் முதலில் உட்காருகிறது என்ற இரண்டுக்கும் இதில் விடை இருக்கிறது.

குலைநோயில் விஷத்தின் பங்கை நாம் கொஞ்சம் அதிகமாகவே மதிப்பிட்டுவிட்டோம் என்பது என் கருத்து. இந்தப் பூஞ்சையின் முதல் ஆயுதம் அழுத்தம். இலைமேல் விழுந்த வித்து முளைத்து ஒரு கரும் குமிழைக் கட்டுகிறது. அதற்குள் ஏறும் அழுத்தம் கார் டயரில் இருப்பதைப்போல் 40 மடங்கு. அந்த வேகத்தில் ஓர் ஊசிமுனை இலைத்தோலைத் துளைத்துக்கொண்டு இறங்குகிறது. குமிழுக்கு வலுக் கொடுப்பது மெலனின் என்ற கருநிறமி. டெல்டாக் கடைகளில் குலைநோய்க்கென்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் டிரைசைக்ளசோல் அந்த மெலனினைத்தான் தடுக்கிறது. மருந்து பூஞ்சையைக் கொல்வதில்லை, நஞ்சுகளைத் தொடுவதுமில்லை. ஆனாலும் பூஞ்சை வெளியிலேயே நின்றுவிடுகிறது. பிக்கோலினிக் அமிலம், பைரிகுலாரின், பின்னர் கண்டறிந்த டெனுவசோனிக் அமிலம் எல்லாம் கையில் இருந்தும் உள்ளே நுழைய வழியில்லை. நஞ்சின் வேலை நுழைந்த பிறகுதான்.

விஷம் சில சமயம் பூஞ்சைக்கே பகையாகவும் முடிகிறது. குலைநோய்ப் பூஞ்சையில் ஏஸ்1 என்று ஒரு மரபணு உண்டு. இலையைத் துளைக்கும் நேரத்தில் மட்டும் விழித்து ஒரு வேதிப்பொருளைத் தயாரிக்க உதவுவது. பை33 என்ற எதிர்ப்பு மரபணு உள்ள நெல் ரகங்கள் அதை மோப்பம் பிடித்து உடனே பாதுகாப்பை எழுப்பிவிடுகின்றன என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள்.

நச்சு ஒன்றே நோயைத் தீர்மானித்த கதைகள் பிற தானியங்களில் உண்டு. அமெரிக்காவில் 1946இல் விக்டோரியா வழிவந்த ஓட்ஸ் ரகங்களை ஒரு ஹெல்மின்தோஸ்போரியம் பூஞ்சை அழித்தது. அதன் விஷம் அந்த ரகங்களை மட்டும் கொன்றது, மற்றவற்றைத் தொடவில்லை. 1970இல் அதே நாட்டு மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் இப்படியே போனது. நெல்லில் இவ்வளவு துல்லியமான வழக்கு எதுவும் இல்லை. மிக அருகில் வருவது செம்புள்ளி நோய்.

செம்புள்ளி நோயை இந்தியாவில் 1919இல் சென்னை மாகாணத்தில் சுந்தரராமன் கண்டு சொன்னார். அது பேர் வாங்கியது வங்கத்தில். 1942இல் அங்கே சில ரகங்களில் விளைச்சல் 90 சதவீதம் வரை விழுந்ததைச் சின்சுரா, பாங்குரா ஆராய்ச்சி நிலையங்களின் பதிவேடுகளிலிருந்து எடுத்துக்காட்டி, 1943 பஞ்சத்துக்கு இந்தப் பூஞ்சையே காரணம் என்று 1973இல் எஸ்.ஒய். பத்மநாபன் எழுதினார். உணவு இருந்தது, வாங்கும் சக்திதான் இல்லை என்று அமர்த்தியா சென் 1981இல் மறுத்தார். பூஞ்சை விளைச்சலைக் குறைத்தது உண்மை. சந்தையும் ஆட்சியும் சேர்ந்துதான் அதைப் பஞ்சமாக்கின. இந்தப் பூஞ்சையின் விஷம் ஓஃபியோபோலின். செல்லுக்குள் கால்சியம் வழியாகப் போகும் சேதிகளை அது அறுத்துவிடும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பி. வித்யாசேகரன் இந்தப் பூஞ்சையின் நச்சு நெல்லுக்கென்றே தனியானது என்று 1986இல், பன்னாட்டு நிலையத்தில் செய்த ஆய்வை வைத்து வாதிட்டார். செடியின் ஃபீனால் பாதுகாப்பை அந்த நச்சு மந்தமாக்கிப் பூஞ்சைக்கு வழிவிடுகிறது என்பது அவருடைய அடுத்த கண்டுபிடிப்பு. நஞ்சைத் தாங்கும் திசுக்களை வடிகட்டி, அதிலிருந்து நோய் தாங்கும் செடிகளை எழுப்பும் முயற்சியும் நடந்தது. டெல்டாவில் இந்த நோய் சாம்பல் சத்தும் சிலிக்காவும் வற்றிய வயலில் தலையெடுப்பது. ஊரில் வயதானவர்கள் அதை நோயாகக்கூட எண்ணாமல் மண் கெட்டதன் அடையாளமாகவே பார்ப்பார்கள்.

இலை உறை கருகலிலும் வித்யாசேகரன் அதே வாதத்தை வைத்தார். அந்த நோயை உண்டாக்கும் ரைசோக்டோனியா சொலானி சுரக்கும் ஒரு சர்க்கரைக் கூட்டுப்பொருளை 1997இல் நெல்லுக்கான தனி நஞ்சு என்று அறிவித்தார்கள். நூற்றுக்கணக்கான பயிர்களில் பிழைக்கும் ஒரு பூஞ்சைக்கு நெல்லுக்கென்று தனி விஷம் எதற்கு என்ற ஐயம் எனக்கு உண்டு. இந்த நோய்க்கு எளிதில் விழும் ரகங்கள் பூஞ்சையின் நச்சுக்கும் எளிதில் விழுகின்றன என்று அமெரிக்காவில் பிறகு வந்த ஆய்வும் சொல்வதால் அந்த ஐயத்தை முழுக்கப் பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை. கோயம்புத்தூரில் இதன் தொடர்ச்சியாக நடந்தது எனக்கு இன்னும் பிடிக்கும். டிரைக்கோடெர்மா விரிடி என்ற பூஞ்சை சுரக்கும் ஆல்பா குளுக்கோசிடேஸ் என்ற நொதி அந்த நஞ்சை உடைத்துவிடுகிறது என்று காட்டினார்கள். டிரைக்கோடெர்மா இப்போது வேளாண் விரிவாக்க மையத்தில் பொட்டலமாகக் கிடைக்கிறது. விதை நேர்த்திக்கு வாங்கிப்போகிறவர்களில் அதற்குப் பின்னால் இப்படி ஒரு நச்சு ஆய்வு இருப்பது தெரிந்தவர்கள் அபூர்வம்.

இலை உறை அழுகலில் விஷத்தின் கை இன்னும் தெளிவு. பொதிப் பருவத்தில் கண்ணாடி இலையின் உறையில் சாம்பல் நடுவும் பழுப்பு ஓரமுமாகத் திட்டு விழும். கதிர் பாதி வெளியே வந்து நின்றுவிடும், மீதி உறைக்குள்ளேயே அழுகும். உறையைப் பிரித்தால் வெள்ளை மாவு போல் பூஞ்சை. மணிகள் கருத்துக் கருக்காயாகிக் கிடக்கும். இதைச் செய்யும் சாரோகிளாடியம் ஒரைசே செருலெனின், ஹெல்வோலிக் அமிலம் என்ற இரண்டு நஞ்சுகளைச் சுரக்கிறது. செருலெனினின் வரலாறு சுவையானது. ஜப்பானில் 1960களில் அது புதிய மருந்துக்கான தேடலில் வேறொரு பெயருள்ள பூஞ்சையிலிருந்து கிடைத்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சதோஷி ஓமுரா, அது செல்லில் கொழுப்பு அமிலம் உருவாவதைத் தடுக்கிறது என்று நிறுவினார். அந்தப் பூஞ்சையும் நம் நெல்லின் உறையை அழுக்குவதும் ஒன்றே என்பது பிறகுதான் தெரிந்தது. புதிய சவ்வுகளைக் கட்டிக்கொண்டு வேகமாக நீளவேண்டிய நேரத்தில் கொழுப்பு அமிலம் கிடைக்காத கதிர்த்தண்டு நின்றுவிடுகிறது என்று கொண்டால், பாதியில் நிற்கும் கதிருக்கு விளக்கம் அதுவே. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சக்திவேல் குழு 2002இல் இரண்டு நஞ்சுகளும் நெல்லில் அறிகுறியைக் கொண்டுவருவதைப் பதிவு செய்தது.

இதுவரை சொன்னவை எல்லாம் செடியைக் கொல்லும் விஷங்கள். சாப்பிடுபவருக்கு இவற்றால் பெரிய ஆபத்து இருப்பதாகப் பொதுவாகச் சொல்வதில்லை. செடியைத் தாக்கும் நஞ்சுக்கும் சாப்பிடுபவரைத் தாக்கும் நஞ்சுக்கும் நடுவில் நிற்கிறது நெற்பழ நோய்.

இதன் ஊர்ப்பெயர் லட்சுமி நோய். மணி இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சளாகத் தொடங்கி ஆரஞ்சாகி, கடைசியில் கரும்பச்சையாகும் ஓர் உருண்டை. தொட்டால் விரலிலும் வேட்டியிலும் மாவு ஒட்டும். அறுவடை இயந்திரம் ஓடும்போது ஓட்டுநர் முகத்தில் அந்தத் தூளே படியும். நல்ல மழை, நல்ல உரம், நல்ல விளைச்சல் உள்ள ஆண்டில் வருவதால் அதை வீட்டுக்கு வந்த லட்சுமியாகப் பார்த்தார்கள். அறிவியல் ஏட்டிலும் இது தமிழ்நாட்டில் பிறந்த நோய்: 1878இல் இங்கிலாந்தின் எம்.சி. குக், திருநெல்வேலியிலிருந்து வந்த கதிர்களைப் பார்த்து இதை விவரித்தார். நூறாண்டுக்கு அதை யாரும் பொருட்படுத்தவில்லை. உரத்துக்கு ஏறுகிற ரகங்களும் வீரிய ஒட்டு ரகங்களும் பரவியபின் ஆசியா முழுவதும் அது பெருகிவிட்டது.

அந்த உருண்டைக்குள் யூஸ்டிலாக்சின் என்ற நஞ்சு இருப்பதை ஜப்பானியர்கள் 1990களின் தொடக்கத்தில் கண்டார்கள். செல் பிரிவதற்கு வேண்டிய நுண்குழல்கள் சேராமல் அது தடுக்கும். சோதனை எலிகளின் ஈரலும் சிறுநீரகமும் அதனால் கெட்டன. எவ்வளவு கலந்தால் மனிதருக்குக் கெடுதல் என்று எந்த நாட்டுச் சட்டமும் வரம்பு வைக்கவில்லை; நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலிலும் அந்தப் பெயர் இல்லை. அரைத்துத் தீட்டிய அரிசியில் உருண்டைகள் பெரும்பாலும் கழிந்துவிடும். தவிட்டுக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகும் பங்கைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. 2014இல் ஜப்பானிலிருந்தே இன்னொரு செய்தி வந்தது. யூஸ்டிலாக்சினைத் தயாரிக்கும் மரபணுத் தொகுதி அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையிலும் இருக்கிறது.

வயலைத் தாண்டிக் களத்துமேட்டுக்கு வந்தால் அந்த அஸ்பெர்ஜில்லஸ்தான் பெரிய ஆள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் கெட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தின்று செத்தபோது அது சுரக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உலகுக்குத் தெரிந்தது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லையில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட பழங்குடி மக்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈரல் கெட்டு இறந்தார்கள். நெல்லுக்கு உமி ஒரு கவசம்; நிலக்கடலை, மக்காச்சோளம் அளவுக்கு அதில் அஃப்ளாடாக்சின் ஏறுவதில்லை. ஆனால் மற்ற தானியங்களைப்போல் இதை எப்போதாவது சாப்பிடுவதில்லை. மூன்று வேளையும் சோறாகவும் இட்லியாகவும் உள்ளே போகிறது.

டெல்டாவில் இந்தச் சிக்கலின் பிறந்தநாளைக்கூட ஏறக்குறையச் சொல்லிவிடலாம். 1960களின் நடுவில் தீவிர வேளாண் திட்டத்தோடு ஆடுதுறை 27 வந்தது. நோரின் 10க்கும் ஜி.இ.பி. 24க்கும் பிறந்த இந்தக் குறுவை ரகம் நன்றாக விளைந்தது. ஆனால் அறுவடை ஐப்பசி அடைமழையில் மாட்டியது. விதை உறக்கம் இல்லாததால் கதிரிலேயே, குவியலிலேயே முளைத்தது. மைசூர் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்த வி. சுப்ரமணியன் ஓய்வுக்குப் பின் திருவாரூரில் உட்கார்ந்து இந்த ஈர நெல்லைக் காப்பதற்கே ஆய்வு தொடங்கினார். கூட்டுறவு நவீன அரிசி ஆலையில் 1967இல் முளைத்த அந்தச் சிறு ஆய்வகம் 1984இல் தஞ்சைக்கு நகர்ந்து, பல பெயர் மாறி, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப, தொழில்முனைவு, மேலாண்மை நிறுவனமாக நிற்கிறது. உப்பும் உமியும் கலந்து ஈர நெல்லைக் கெடாமல் நிறுத்தும் உத்தியும் உமியை எரித்து நெல்லை உலர்த்தும் முயற்சிகளும் அந்தக் காலத்தவை.

இங்கே ஓர் எண்ணைக் கவனித்தாக வேண்டும். மாவுத் தானியங்களில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் வளரத் தேவையான ஈரப்பதம் சுமார் 18 சதவீதம். அதற்குக் கீழே அது பெரும்பாலும் சோம்பிக் கிடக்கும். மேலே போனால் 25 முதல் 35 டிகிரி வரையான நம் காற்றில் இரண்டு மூன்று நாளில் நஞ்சைத் தயாரிக்கத் தொடங்கிவிடும். நேரடிக் கொள்முதல் நிலையத்தின் வழக்கமான வரம்பு 17 சதவீதம். கோட்டுக்கு ஒரு சதவீதம் இந்தப்பக்கம். 2022 குறுவையில் மழை கொட்டியபோது தமிழ்நாடு அரசு 22 சதவீதம் கேட்டது, ஒன்றிய அரசு 19 கொடுத்தது. ஒவ்வொரு ஐப்பசியிலும் இந்தப் பேரம் விவசாயிக்கு நியாயம் என்ற பேச்சாகவே நடக்கிறது, நியாயம்தான். நனைந்த நெல்லோடு சாலையோரம் படுத்துக் கிடப்பவரிடம் போய்ப் பூஞ்சைக் கணக்குச் சொல்வது அநியாயம். ஆனால் 17க்கும் 19க்கும் நடுவில் ஓர் உயிரியல் கோடு ஓடுகிறது என்பதை இரண்டு அரசுகளின் கடிதங்களிலும் ஒருவரும் சொல்வதாகத் தெரியவில்லை. தளர்வு கொடுப்பது சரி. தளர்வோடு உலர்த்தியும் வரவேண்டும், அது வருவதில்லை.

கொள்முதல் நிலையத்தின் ஈரப்பத மீட்டர் காட்டுவது கைப்பிடி நெல்லின் ஈரம். தார்ப்பாய் மூடி நாலு நாள் கிடந்த குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டால் உள்ளே கதகதப்பாக இருக்கும், புளித்த வாடை வரும். மேலே காய்ந்த நெல் 16 காட்டும்போது உள்ளே அது எங்கேயோ இருக்கும். நஞ்சும் அப்படியே திட்டுத்திட்டாகத்தான் உண்டாகிறது.

கணக்கெடுப்புகள் என்ன சொல்கின்றன? ஐதராபாத் நெல் ஆராய்ச்சி இயக்குநரகத்தின் ரெட்டி குழு 20 மாநிலங்களிலிருந்து 1200 நெல், அரிசி மாதிரிகளைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்டது. 67.8 சதவீதத்தில் அஃப்ளாடாக்சின் பி1 இருந்தது. கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் என்ற அன்றைய வரம்பைத் தாண்டியது 2 சதவீதம் மட்டுமே. தமிழ்நாட்டு நெல் மாதிரிகள் எல்லாமே 5 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2006இல் வந்தது. 11 மாநிலங்களின் 1511 புழுங்கல் அரிசி மாதிரிகளில் 17 சதவீதம் அதே வரம்பைத் தாண்டின. முறைகள் வேறு, மாதிரிகள் வேறு, நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் 2க்கும் 17க்கும் உள்ள இடைவெளி கண்ணை உறுத்துகிறது. இரவெல்லாம் தொட்டியில் ஊறி, மேகமூட்டத்தில் மெதுவாகக் காயும் புழுங்கல் நெல் பூஞ்சைக்கு இரண்டாவது வாய்ப்பு. தஞ்சை, திருவாரூர், நாகையின் சாப்பாடு பெரும்பாலும் புழுங்கல் அரிசி. வேகவைத்தால் அஃப்ளாடாக்சின் ஓரளவு குறையும், போய்விடாது. இப்போதைய சட்ட வரம்பு 15 மைக்ரோகிராம்; ஐரோப்பாவில் நேரடியாக உண்ணும் அரிசிக்கு 4.

தீட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி தவிட்டோடு போகிறது. தவிடு மாட்டுக்குப் போகிறது, மாட்டின் உடலில் அது அஃப்ளாடாக்சின் எம்1 ஆக மாறிப் பாலில் இறங்குகிறது. பாலுக்குச் சட்ட வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். நனைந்த வைக்கோலும் ஆபத்தில்லாமல் இல்லை. பஞ்சாபில் ஃபுசேரியம் பிடித்த வைக்கோலைத் தின்ற எருமைகளுக்குக் காதும் வாலும் குளம்பும் அழுகும் டெக்னாலா நோயை 1930களிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் பூஞ்சை நச்சு ஆய்வில் ஒரு சாய்வு இருக்கிறது. சதாசிவன் காலம் தொட்டு நம் ஆய்வாளர்கள் செடியைக் கொல்லும் விஷங்களை உலகத் தரத்தில் ஆராய்ந்தார்கள். அதில் கணிசமானது, எளிய ரக மாற்றமோ உரக் கட்டுப்பாடோ சாதித்ததைவிட அதிகமாக வயலில் சாதிக்கவில்லை. சாப்பிடுபவரைத் தொடும் விஷத்துக்கு அந்த மூளையில் பாதிகூடச் செலவாகவில்லை. பூஞ்சையியல் துறை வயல் வரப்போடு நிற்கிறது, உணவுத் துறை ஆலை வாசலில் தொடங்குகிறது. நடுவில் களமும் கொள்முதல் நிலையமும் திறந்தவெளிக் கிடங்கும் இருக்கின்றன. அங்கே பொறுப்பாக இருப்பவர் கையில் ஒரு ஈரப்பத மீட்டரும் எடை இயந்திரமும் மட்டுமே.

செய்யவேண்டியது பெரிய விஷயமும் இல்லை. தஞ்சை நிறுவனம் கொள்முதல் நிலையங்களிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. மழையில் காத்துக்கிடந்த குவியல்களின் ஆழத்திலிருந்து மாதிரி எடுத்து ஒரு குறுவைப் பருவம் முழுக்கச் சோதித்தால், 19 சதவீதத்தில் வாங்கிய நெல்லுக்கும் 17இல் வாங்கியதற்கும் நஞ்சில் என்ன வித்தியாசம் என்பது தெரிந்துவிடும். உலர்த்திகளை எங்கே நிறுத்துவது, எந்தக் குவியலைப் புழுக்காமல் ஒதுக்குவது என்று பிறகு பேசலாம். இப்போதைக்கு ஐந்து நாள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த நெல்லும் வெயிலில் காய்ந்த நெல்லும் ஒரே 40 கிலோ சிப்பத்தில், ஒரே லாரியில், ஒரே அரவை ஆலைக்குப் போகின்றன.